பிரஹ்லாத சரித்திரமும் காண்பவர் நிலையும்: மெலட்டூர் பாகவத மேளத்தை முன்னிட்ட ஒரு விசாரம்

ஸ்ரீவைஷ்ணவனுக்கு நாடகம் பார்க்கை தகுமோ என்னும் கேள்வி நம் கோஷ்டிகளில் அவ்வப்போது எழுவதுண்டு. கண் பெற்றது எம்பெருமானைச் சேவிக்கைக்கே ஒழிய, வேஷம் தரித்தவனைப் பார்க்கைக்கு அன்று என்பர் ஒருசாரார். கதை பகவத் விஷயமாயிருக்குமாகில் குற்றமில்லை என்பர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் நாடகத்தின் கதை யாது என்பதையே பார்க்கிறார்கள். அதன் முன்னே அமர்ந்திருப்பவன் எந்நிலையில் இருக்கிறான் என்பதைப் பார்ப்பதில்லை. உண்மையில் விசாரிக்கத் தக்கது அதுவே என்பதைத் தெரிந்துகொள்ள அடியேனுக்கு நெடுங்காலம் ஆயிற்று. அதற்கு இடமாயிருந்தது தஞ்சை மாவட்டம் பாபநாசம் வட்டத்திலுள்ள மெலட்டூர் என்னும் சிற்றூர்.

மெலட்டூரைப் பற்றி அறியாதார் பொருட்டுச் சில சொற்கள். தஞ்சையை ஆண்ட அச்சுதப்ப நாயக்கர், தெலுங்கு நாட்டிலிருந்து வந்த 510 அந்தணக் குடும்பங்களுக்கு நிலமும் மனையும் கொடுத்து இவ்வூரில் குடியேற்றினார் என்பது ஊர் மரபு. அவர் பெயராலே அச்சுதபுரம் என்றும் இவ்வூர் வழங்கியதுண்டு. இங்கே வாழ்ந்த வேங்கடராம சாஸ்திரி, பிரஹ்லாத சரித்திரம், உஷா பரிணயம், ருக்மாங்கத சரித்திரம், ஹரிச்சந்திர நாடகம் முதலானவற்றைத் தெலுங்கில் இயற்றினார். சாலியமங்கலம், ஊத்துக்காடு, சூலமங்கலம், தேப்பெருமாநல்லூர் ஆகிய அயலூர்களிலும் பாகவத மேளம் விளங்கியிருந்தது. மெலட்டூரில் ஆண்டுதோறும் ஸ்ரீந்ருஸிம்ஹ ஜயந்தியை ஒட்டி, வரதராஜப் பெருமாள் ஸந்நிதிக்கு எதிரே, தெருவிலே மேடை அமைத்து இந்நாடகங்களை இரவில் நடத்துகிறார்கள். வேஷம் தரிப்பவர் அனைவரும் ஆடவரே. ஆடுவோர் வேற்றூரிலிருந்து கூலிக்கு வந்த கூத்தர் அல்லர். பிற நாள்களில் வேறு வேறு தொழில் செய்பவர்கள், இந்நாளை ஒரு விரதமாகக் கொண்டு ஊர் திரும்புகிறார்கள்.

நாடகம் தொடங்கும் முறை எல்லா ஆண்டும் ஒன்றே. முதலில் கோணங்கி துள்ளிக் குதித்து வந்து ஜனங்களைச் சிரிக்கச் செய்து போவான். பின்பு தோடய மங்களம். அதன்பின் ஒரு சிறுவன் விநாயகர் முகமூடி தரித்து வந்து ஆசி செய்வான். கட்டியக்காரன் வந்து அரசன் வரவைக் கூறுவான். ஒவ்வொரு பாத்திரமும் தனக்குரிய ப்ரவேச தருவுடன் திரையை விட்டு வெளிப்படும். ஹிரண்யன் வரும்போதே இரவு வெகுவாகக் கழிந்திருக்கும். ஸ்தம்பம் பிளக்கும் வேளை விடியலை அடுத்த வேளை.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. பார்க்க வந்தவர்களில் பெரும்பாலார்க்குத் தெலுங்கு தெரியாது. கதையோ எல்லார்க்கும் தெரிந்தது. தூணிலிருந்து யார் வருவார் என்பதை மடியிலிருக்கும் குழந்தையும் அறியும். அடுத்து என்ன நடக்குமோ என்னும் ஆவல் அங்கே சிறிதும் இல்லை. ஆயினும் எட்டு மணி நேரம் அசையாமல் அமர்ந்திருக்கிறார்கள். இதை வியக்க வேண்டா. ஆண்டுதோறும் அதே பாசுரத்துக்கு அதே வ்யாக்யானத்தைக் காலக்ஷேபம் கேட்கிற நமக்கு இது தெரிந்த ரஸமே. புதுமையால் விளைவது ஒரு சுவை. அறிந்ததை மீண்டும் அநுபவிப்பதால் விளைவது வேறொரு சுவை.

அடியேன் முதன்முதலாக அங்குச் சென்றது இருபத்தைந்து பிராயத்தில். பள்ளியில் படித்தவன் அல்லேன். கைங்கர்யக் குடியிலே பிறந்து, திருத்தகப்பனாரிடமே காவ்யமும் அலங்காரமும் அருளிச்செயலும் வாசித்தவன். அப்போது நாட்ய சாஸ்திரத்தில் சில அத்யாயங்களைப் பாடம் கேட்டு முடித்திருந்தபடியால், மேடையிலே நடப்பவற்றை நூலோடு ஒட்டிப் பார்த்து, இது பொருந்தும், இது பொருந்தாது என்று உடன் வந்த நண்பர்க்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்களுக்கு அருகே, தெருவோரத்தில், வயல் வேலை செய்யும் மூதாட்டி ஒருத்தி அமர்ந்திருந்தாள். ஹிரண்யன் பிரஹ்லாதனை அதட்டும் இடம் வந்தது. லீலாவதி கணவன் பக்கம் ஒருகால் திரும்புவதும் மகன் பக்கம் ஒருகால் திரும்புவதுமாய் நின்றாள். அப்போது அம்மூதாட்டி வாய்விட்டு, "அடப் பாவி, புள்ளைய விடுடா" என்று மேடையை நோக்கிக் கூவினாள். அடியேனுக்குச் சினம் வந்தது. "பாட்டி, இது வேஷம், பேசாமல் பார்" என்றேன். அவள் திரும்பிப் பார்த்து, "வேஷம்னு தெரியுது சாமி. உங்களுக்கு ஒண்ணும் பண்ணலியா?" என்றாள். அவ்வளவே. மேலே ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடையைப் பார்க்கலானாள்.

மறுநாள் திருத்தகப்பனாரிடம் நாடகத்தின் குணதோஷங்களை விஸ்தரித்துச் சொன்னேன். இடையே, பாமர ஜனங்களின் கூச்சல் ரஸத்துக்கு விக்நமாயிற்று என்று இதையும் சொன்னேன். அவர் ஆமோதிப்பார் என்பது எண்ணம். அவரோ திருவாய்மொழி வ்யாக்யானத்தை எடுத்து வரச்சொல்லி, ஐந்தாம் பத்தில் ஆறாம் திருவாய்மொழிக்கு அவதாரிகையை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "இதிலே பார்க்கிறவர் யார்?" என்று கேட்டார். விடை சொல்லத் தெரியவில்லை. "தெரியும்போது சொல்" என்று எழுந்து திருவாராதனத்துக்குப் போய்விட்டார். அவர் திருநாட்டுக்கு எழுந்தருளி வெகுகாலம் ஆயிற்று. அவரிடம் சொல்லாத விடையையே இப்போது எழுதுகிறேன்.

நூலை முன்னிட்டே விசாரிப்போம். நாட்ய சாஸ்திரத்தின் முதல் அத்யாயத்தில், இந்திரனுடைய த்வஜோத்ஸவத்தில் நடந்த முதல் நாடகத்தைப் பற்றிய வரலாறு உள்ளது. தேவர்கள் அஸுரர்களை வென்றமை அந்நாடகத்தின் பொருள். சபையிலிருந்த அஸுரர்கள் தங்கள் தோல்வியைத் தாங்களே பார்த்துப் பொறாமல், விரூபாக்ஷனை முன்னிட்டு எழுந்து, ஆடுவோருடைய வாக்கையும் சேஷ்டையையும் நினைவையும் ஸ்தம்பிக்கச் செய்தார்கள். இந்திரன் ஜர்ஜரம் என்னும் கொடிக்கம்பத்தால் அவர்களை அடித்து விலக்கினான். பின்பே அரங்கம் கட்டப்பட்டது. பின்பு பிரமன் அவர்களை ஸமாதானப்படுத்தி, நாடகம் ஒருவரை மட்டும் பற்றியதன்று, மூவுலகின் பாவங்களையும் காட்டுவது என்று கூறினான். ஆக, முதல் நாடகத்திலேயே பார்ப்பவர் எல்லை கடந்தனர். அதைத் தடுக்கவே அரங்கம் உண்டாயிற்று.

அபிநவகுப்தர் இதனை மேலும் நுணுக்கமாக ஆராய்ந்தார். பார்ப்பவன் தன் ஸுகதுக்கங்களில் அழுந்தியிருத்தலை ரஸத்துக்கு வரும் விக்நங்களில் ஒன்றாக எண்ணினார். மேடையிலே காணும் துயரம் அவனுக்கும் இவனுக்கும் உரியதாக இராமல் பொதுவாக்கப்படும்போதே ரஸம் உண்டாகும் என்பது அவர் ஸித்தாந்தம். இந்த அளவுகோலால் அளந்தால், எழுந்த அஸுரர்களும் கூவிய மூதாட்டியும் ஒரே குற்றம் செய்தவர்கள். அன்று அடியேன் நினைத்ததும் அதுவே.

ஆனால் நம் பூர்வர்கள் கொண்டாடியவர் யார்? குலசேகரப் பெருமாள் ஸ்ரீராமாயணம் கேட்கிறார். ஜனஸ்தானத்திலே பெருமாள் தனியாய் நிற்க, பதினாலாயிரம் ராக்ஷஸர் எதிர்த்து வந்தனர் என்று பௌராணிகர் சொன்னவாறே, சேனையைத் திரட்டிக்கொண்டு துணைக்குப் புறப்பட்டார். அபிநவகுப்தர் கணக்கில் இது ரஸபங்கம். நம் குருபரம்பரையிலோ இது அவருக்குப் பெருமை. மதுரையிலே கருடாரூடனாய்த் தோன்றிய எம்பெருமானைக் கண்ட பெரியாழ்வார், கண்டதற்கு மகிழாமல், காலம் நடையாடும் இந்நிலத்தில் அவனுக்கு என்ன தீங்கு வருமோ என்று அஞ்சிப் பல்லாண்டு பாடினார். அச்சத்துக்கு இடமில்லாத இடத்தில் அஞ்சுகை இது. பிள்ளைலோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் இந்த மங்களாசாஸனத்தை நீக்க வேண்டிய அறியாமையாகக் கொள்ளவில்லை. ஸ்வரூபத்தோடு சேர்ந்ததாகவே நிர்ணயித்தார்.

அஸுரர்கள் எழுந்தார்கள், குலசேகரரும் எழுந்தார். வேறுபாடு எங்கே? அஸுரர் எழுந்தது தம்மை நினைத்து. மேடையில் தோற்றது தாங்கள் என்னும் அஹங்காரத்தால் எழுந்தார்கள். ஆழ்வார் எழுந்தது தம்மை மறந்து, அவனுக்கு என்ன ஆகுமோ என்னும் பரிவால். எல்லையைக் கடத்தலே குற்றமும் அன்று, குணமும் அன்று. எதை மறந்து கடந்தான், எதைப் பற்றிக் கடந்தான் என்பதே நோக்கத் தக்கது. அபிநவகுப்தர் விக்நம் என்றது தன்னைப் பற்றிய நினைவையே. அவ்வகையில், அன்று அத்தெருவில் விக்நம் உடையவன் தன் கல்வியை நினைத்துக்கொண்டிருந்த அடியேன். அந்த மூதாட்டி அல்லள்.

இனித் திருத்தகப்பனாரின் வினா. ஐந்தாம் பத்தின் ஐந்தாம் திருவாய்மொழியில் பராங்குச நாயகிக்குத் திருக்குறுங்குடி நம்பியின் வடிவழகு கண்ணெதிரே நிற்கிறது. இதனை உருவெளிப்பாடு என்பர். கண்ணுக்குத் தோன்றியது கைக்கு எட்டவில்லை. அதனால் ஆறாம் திருவாய்மொழியில் அநுகாரம். உலகைப் படைத்ததும், அளந்ததும், உண்டதும், மலை எடுத்ததும் தானே என்று தலைமகள் பேசுகிறாள். ஸ்ரீபாகவதம் பத்தாம் ஸ்கந்தத்தில் கண்ணனைப் பிரிந்த கோபிமார்கள், ஒருத்தி பூதனையாகவும் ஒருத்தி கண்ணனாகவும், ஒருத்தி சகடமாகவும் ஒருத்தி அதை உதைப்பவளாகவும் ஆனார்கள். ஒருத்தி மேலாடையை உயர்த்திப் பிடித்துக் கோவர்த்தனம் என்றாள். ஆசார்யர்கள் இந்த ராஸ ப்ரகரணத்தையே உதாஹரணமாகக் காட்டி, பிரிவிலே தரிக்கைக்காகச் செய்த அநுகாரம் என்று நிர்வஹித்தார்கள். வேடிக்கைக்காகச் செய்த நடிப்பு அன்று. செய்யாவிடில் உயிர் தரியாது என்னும் நிலையில் செய்தது.

ஆனால் அத்திருவாய்மொழியைப் பேசுகிறவள் தலைமகள் அல்லள், திருத்தாயார். அவள் மகளைப் பார்க்கிறாள். வினவ வந்த ஊராரைப் பார்த்து, இதற்கு நான் என்ன சொல்வேன், எம்பெருமான்தான் இவள்பால் ஆவேசித்தானோ என்கிறாள். அநுகரிப்பவள் ஒருத்தி, பார்ப்பவள் ஒருத்தி, கூடியிருக்கும் உலகத்தார் ஒருபுறம். ஓர் அரங்குக்கு வேண்டிய அனைத்தும் அங்கே உள்ளன. அவற்றுள் பார்ப்பவள் தாய். அவள் மகளை விட்டு விலகி நின்று ரஸிக்கவும் இல்லை. தானும் மகளைப் போல் ஆகிவிடவும் இல்லை. இவளுக்கு என்ன ஆயிற்றோ என்று கலங்கிக்கொண்டே, வந்தவர்களுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லுகிறாள். பார்ப்பவர் யார் என்ற வினாவுக்கு இதுவே விடை. பகவத் விஷயமான நாடகத்தைக் காண்பவன் தாயாயிருந்து காண வேண்டும்.

இதனைத் தெரிந்தபின் பிரஹ்லாத சரித்திரத்தில் லீலாவதிக்குரிய இடம் விளங்குகிறது. கதையின்படி அவள் ஒன்றும் செய்கிறவள் அல்லள். ஹிரண்யனைத் திருத்தவும் மாட்டாள், பிள்ளையைக் காக்கவும் மாட்டாள். ஆயினும் அந்த நாடகத்தில் நெஞ்சை உருக்குவது அவள் பாத்திரமே. ஏனெனில் மேடையிலேயே இருக்கும் ப்ரேக்ஷகை அவள். தெருவிலிருப்பவர் அவள் கண்ணால் பிரஹ்லாதனைப் பார்க்கிறார்கள். அவ்வேஷத்தை ஓர் ஆடவன் தரித்து, தாயின் பரிவைத் தன் மெய்ப்பாட்டால் காட்டுவது, ஆண்மை உடைய ஆழ்வார் தாயாகவும் மகளாகவும் பேசினதை அறிந்த நமக்கு வியப்பாகாது. தியாகராஜ ஸ்வாமியின் பிரஹ்லாத பக்தி விஜயத்தில் ஹிரண்ய வதம் இல்லை. பிரஹ்லாதனுடைய ஆர்த்தியும் எம்பெருமான் வந்து அருளுவதுமே அங்கே ப்ரதானம். மெலட்டூர் நாடகமோ வீட்டுக்குள் நடக்கும் துயரத்தைக் காட்டி, அதன்பின் ஸிம்ஹத்தை வரவழைக்கிறது. இரண்டும் வேறு வேறு வழி, இரண்டும் அழகே.

ஸிம்ஹத்தின் வரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த முகமூடி மற்ற அணிகலன்களைப் போல் பெட்டியில் கிடப்பதன்று, ஆராதனம் பெறுவது. அதைத் தரிப்பவர் உபவாஸம் இருந்து தரிக்கிறார். முகத்தில் வைத்தவாறே ஆவேசம் வருகிறது. ஹிரண்ய வேஷக்காரர்மேல் மெய்யாகவே பாயாதபடி சிலர் அவரைப் பிடித்துக்கொண்டு நிற்பர். வதம் குறிப்பாலேயே காட்டப்படும். முடிவில் மங்களம் பாடி ஆரத்தி எடுப்பர். அநுகாரமோ ஆவேசமோ என்று திருத்தாயார் கலங்கின அதே இடம் இது. இதற்குத் தீர்ப்புச் சொல்ல அடியேன் அதிகாரி அல்லேன். அத்தாயாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் அவ்வேளையில் தெருவிலிருப்பவர் அனைவரும் எழுந்து கைகூப்புவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். பார்த்துக்கொண்டிருந்தவர் சேவிக்கிறவராகும் கணம் அது.

அப்படியாகில் உணர்ச்சி மிகுந்தால் எதுவும் தகுமோ எனில், தகாது. இங்கே எம்பார் ஐதிஹ்யம் நமக்கு ப்ரமாணம். கண்ணன் அப்பூச்சி காட்டுவதைச் சொல்லும் பெரியாழ்வார் திருமொழியை அரையர் அபிநயித்தபோது, கண்ணிமையை மடித்து அச்சம் காட்டினார். உடையவர்க்குப் பின்னே இருந்த எம்பார், இரு கைகளையும் தோள்களின் அருகே கொண்டுபோய்ச் சங்க சக்கரங்களைக் குறிப்பாகக் காட்டினார். அரையர் அதனை உணர்ந்து அவ்வாறே அபிநயித்தார். எம்பெருமானார் இது எம்பார் செயல் என்று கண்டுகொண்டார். ஆயர் சிறுவர்க்கு அச்சம் தருவது பிள்ளையின் விகாரமான முகமன்று, திடீரென்று தோன்றும் பரத்வமே என்னும் உட்பொருளை எம்பார் அபிநயத்தாலேயே வ்யாக்யானம் செய்தார். பரிவு உடையவனாயும் பொருள் அறிந்தவனாயும் இருந்து பார்த்தவர் அவர். மௌனமாகத் திருத்தினார், அயலாரிடம் குறை கூறவில்லை. நாடக விமர்சனம் என்பதற்கு நம் ஸம்ப்ரதாயத்தில் இதைவிடச் சிறந்த உதாஹரணம் அடியேன் அறியேன்.

நாடகம் நமக்குப் புறம்பு என்பதும் பொருந்தாது. திருவரங்கத்தில் அத்யயன உத்ஸவத்தில் அரையர்கள் ஹிரண்ய வதம் முதலானவற்றைப் பெருமாள் திருமுன்பே அபிநயிக்கிறார்கள். தேசிகனும் ஸங்கல்ப ஸூர்யோதயம் என்னும் பத்து அங்க நாடகம் இயற்றி, சாந்தமும் ரஸமே என்று ஸ்தாபித்தார். ஆகவே தொடக்கத்தில் சொன்ன இரு சாராருள் முதல்வரை அநாதரித்து இதை எழுதவில்லை. கண் சேவிக்கைக்கே என்னும் அவர்கள் சொல் உண்மை. சேவிக்கத் தெரிந்த கண்ணுடன் நாடகத்துக்குப் போகவேண்டும் என்பதே அடியேன் சேர்க்கும் சொல்.

இக்காலத்து நிலையைப் பற்றியும் சொல்லாமல் விடலாகாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நகர அரங்கில் பிரஹ்லாதன் கதை நாட்டியமாக நடந்தது, பெயர் வேண்டா. இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. பாட்டும் ஆட்டமும் குறைவின்றி இருந்தன. தாளத்தில் ஓர் இடமும் பிசகவில்லை. ஆனால் தாயின் பாட்டுகள் பெரும்பாலும் குறைக்கப்பட்டிருந்தன. கதையை அவை நகர்த்தவில்லை என்பது காரணமாயிருக்கலாம். அழவைக்க வேண்டியவளை விலக்கியபின் ஸிம்ஹம் வந்தபோது, சபையில் பலத்த கைதட்டல் எழுந்தது. ஆடினவர்மேல் குறை இல்லை. அவர்கள் கொடுத்ததைச் சபை அப்படிப் பெற்றுக்கொண்டது. மெலட்டூரிலும் மாற்றங்கள் உண்டு. ஒலிபெருக்கி வந்தபின் தெருக்கோடியில் இருப்பவர்க்கும் பாட்டுத் தெளிவாகக் கேட்கிறது, இது நன்மையே. ஸ்தம்பம் பிளக்கும் வேளையில் கைப்பேசிகள் உயர்வதும் உண்டு. கைப்பேசி ஏந்திய கை கூப்ப இயலாது என்பது ஒன்றே அதில் உள்ள குறை. வசை பாடுவதற்கில்லை, அன்று நூலை ஏந்தியிருந்த அடியேன் நெஞ்சும் கூப்பவில்லை.

சென்ற முறை சென்றபோது முழங்கால் நோவினால் நாற்காலியில் அமர்ந்து பார்த்தேன். மூதாட்டி அமர்ந்திருந்த இடத்தில் இப்போது ஒரு கடை இருக்கிறது. ஹிரண்யன் கதையை ஓங்கும் இடம் வந்தது. அருகே இருந்த சிறுவன் ஒருவன், ஐந்தாறு பிராயம் இருக்கும், தன் பாட்டனாரின் வேஷ்டியைப் பற்றிக்கொண்டு, "தாத்தா, சீக்கிரம் வரச் சொல்லு" என்றான். யாரை என்று அவன் சொல்லவில்லை. பாட்டனாரும் கேட்கவில்லை. அடியேனுக்கும் அதையே சொல்லத் தோன்றிற்று.

தவறு இருப்பின் பெரியோர் திருத்திப் பொறுத்தருள வேணும்.